கோடு போட்ட பேச்சு

வீட்டில் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு சரி. தெருவில் அவள் பெயர் தந்தி. வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே பேச்சு தந்தியடிக்கும் என்பதால் யாரோ வைத்த பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடைக்குப் போய் 'து... து...' என்று அவள் மாட்டிக்கொண்டு நின்றால், கடைக்காரர் நல்ல மனிதர், துடைப்பத்தைத் தூக்கிக் காட்டுவார், துணிக் கொடிக் கயிற்றைத் தூக்கிக் காட்டுவார், கடைசியில் அலுத்துப்போய் தீப்பெட்டியையும் காட்டுவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் அவள் தலையை ஆட்டிவிட்டுத் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். துணி சோப்பு வாங்கப் போனவள் தீப்பெட்டியோடு வந்து நிற்பதைப் பார்த்து அம்மா முதலில் திட்டினாள். பிறகு சிரித்தாள். பிறகு வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தாள். அப்படியும் அந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்குத் தீப்பெட்டிப் பஞ்சம் வரவில்லை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை. அப்பா லாரி ஓட்டுகிறவர். வாரம் ஒருநாள் வீட்டில் இருந்தால் அதிகம். அண்ணன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பழைய பேப்பர் கடையில் மூட்டை கட்டப் போய்க்கொண்டிருந்தான். அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் எந்த வீட்டிலிருந்தோ ஒரு கட்டு காமிக்ஸ் வந்து சேர்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இதழ்கள், கிழிசல் அதிகமில்லை. வெளிநாட்டுக் கதை, நம் மொழியில் போட்டது. 'இரும்புக்கோள் யுத்தம்' என்று அட்டை முழுக்கத் தீப்பொறி பறக்கும் எழுத்து. அண்ணன் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு அந்தக் கட்டைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். தங்கச்சிக்கு வாய்தான் மக்கர், கண் நன்றாகத்தானே இருக்கிறது, படிக்கட்டும் என்று அவனுக்கு நினைப்பு.

அவளுக்கு அப்போது பத்து வயது. முதல் இதழைத் திறந்தவள் நேரம் போனதே தெரியாமல் ஐந்தாவது இதழில்தான் தலை நிமிர்ந்தாள்.

கதை இதுதான். காற்றே இல்லாத ஒரு கோளுக்கு மனிதர்கள் தாது தோண்டப் போகிறார்கள். தோண்டி முடித்ததும் இயந்திரங்களை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விட்டுவிட்டுப் போன ரோபோக்கள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. மனிதர்கள் ஒருநாள் திரும்பி வருவார்கள், அதுவரை உலை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேட்டுப்படை. வரமாட்டார்கள், இனி உலை நம்முடையது என்று பள்ளப்படை. இரண்டுக்கும் நூறு வருஷச் சண்டை. மேட்டுப்படைக்கு உலைவீரன் தலைவன், பள்ளப்படைக்குத் துருவேந்தன். அந்தக் கோளில் தாது தீர்ந்துபோய், புதிதாக இரும்பு உருக்க வழியில்லை என்பதால் சண்டையில் விழுந்தவர்களின் பாகங்களைக் கழற்றித்தான் மற்றவர்களுக்கு மாட்ட வேண்டும். மாட்டுகிறபோது இது நம் ஆள் கால், அது எதிரி கால் என்று பார்க்க முடிவதில்லை.

அப்படி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, பாதி உடம்பு எதிரியின் பாகங்களாகிப்போன ஒரு பழுதுபார்க்கும் ரோபோ மேட்டுப்படையில் உண்டு. பெயர் பாதிப்பாதி. தலைவர்களுக்கு ஆயிரம் ரசிகர்கள் இருக்கலாம், அவளுக்குப் பாதிப்பாதியைத்தான் பிடித்தது. ஒரு இதழில் அவன் பள்ளப்படையிடம் மாட்டிக்கொள்வான். துருவேந்தன் எதிரே வந்ததும் அவன் வலது கை, அது பள்ளப்படையிலிருந்து வந்த கை, தானாக எழுந்து சலாம் வைக்கும். இடது கை அதைப் பிடித்துக் கீழே இறக்கும். இவனைச் சிறையில் போடுவதா, சொந்தக்காரன் என்று சேர்த்துக்கொள்வதா என்று எதிரிகள் மூன்று பக்கத்துக்கு விவாதம் செய்வார்கள். அந்த மூன்று பக்கத்தை அவள் எத்தனை தடவை படித்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

இன்னொரு விஷயமும் அந்தப் புத்தகங்களில் இருந்தது. ரோபோக்கள் பேசும்போது வசன பலூனுக்குள் வார்த்தைகள் முழுசாக வராது. ஒவ்வொரு வார்த்தையையும் ஒடித்து, நடுநடுவே சின்னக் கோடு போட்டு எழுதியிருக்கும். 'உலை-அணை-யக்-கூடா-து' என்று உலைவீரன் சொல்வான். அவள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ரோபோ என்றால் அப்படித்தான் பேசும் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தான். அவள் எதிரே பாதிப்பாதியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தனக்குத்தானே சிரிப்பதைப் பார்த்து, அப்படி என்னதான் சொல்கிறான் அந்த ஒட்டுப்போட்டவன் என்று அண்ணன் கேட்டான். அவள் பக்கத்தைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். கை கழுவிட்டுப் படிக்கிறேன் என்றான். கழுவிவிட்டு வந்து, வெளிச்சம் போதவில்லை என்றான். ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தும் அவன் கண் ஒரே பலூனில் நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அண்ணனுக்குப் படிக்க வராது. நாள் முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு எழுத்துக் கூட்டி ஒரு வரி வாசிக்கத் தெரியாது. இத்தனை நாள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நீதான் படிச்சுச் சொல்லேன்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ திக்கித் திக்கிப் படி. நான் ஒண்ணும் அவசரத்துல இல்ல."

மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. விரலைப் பலூனில் வைத்து, எழுதியிருந்தபடியே, கோட்டுக்குக் கோடு நிறுத்தி வாசித்தாள்.

"என்-கை-உங்-களு-டைய-து. என்-வே-லை-என்-னு-டைய-து."

எங்கும் இடறவில்லை. அவளே நம்பாமல் அடுத்த பலூனுக்குப் போனாள். அதுவும் வந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு, ஒரே தாளம். கோடு வந்த இடத்தில் மூச்சுக்கு ஒரு படி கிடைத்தது. அடுத்த துண்டுக்குக் காலை எடுத்து வைக்க நேரம் கிடைத்தது. அண்ணன் சோற்றுத் தட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஏதாவது சொன்னால் கலைந்துபோய்விடுமோ என்று பயந்தவன் போல, அவள் பக்கம் முடித்து நிமிர்ந்தபோதெல்லாம் "அடுத்தது" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு இரண்டு இதழ் முடிந்தது. தட்டில் சாப்பாடு காய்ந்து ஒட்டிப்போய், அம்மா வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

அந்த வாரமே அப்பா எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் போனில் கூப்பிட்டார். போன் என்றால் அவளுக்குக் குலைநடுக்கம். அம்மா பேசி முடித்தபின் அண்ணன் ரிசீவரை வாங்கி அவள் காதில் வைத்தான். அப்பா வழக்கம்போல, அவள் பேசமாட்டாள் என்று தெரிந்தே, நன்றாகப் படி, சமர்த்தாக இரு என்று சொல்லிவிட்டு வைக்கப் போனார்.

"அப்-பா. சாப்-பிட்-டீங்-களா?" என்றாள் அவள்.

அந்தப் பக்கம் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று அவள் ரிசீவரை இறக்கப் போனபோது அப்பாவின் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. "சாப்-பிட்-டேன்-மக-ளே. நீ-சாப்-பிட்-டியா?"

அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. மகள் எப்படிப் பேசினாளோ அப்படியே திருப்பிப் பேசினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரை போனில் மகளோடு வேறு மாதிரி பேசியதே இல்லை. லாரி ஸ்டாண்டில் கூட இருந்தவர்கள் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்களாம்.

பள்ளிக்கூடத்தில் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மொழிப்பாட ஆசிரியை செய்யுள் ஒப்பிக்கச் சொன்னபோது அவள் எழுந்து ரோபோவாக ஒப்பித்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பாட்டைக் கேலி செய்கிறாள் என்று ஆசிரியை அவளை வெளியே நிற்கவைத்தார். தாழ்வாரத்தில் ஒரு பீரியட் முழுக்க நின்றவளுக்கு அழுகை வரவில்லை. அதுவரை பேசாததற்காகத்தான் தண்டனை வாங்கியிருக்கிறாள். பேசியதற்காக வாங்கியது அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நோய் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரணமாகப் பேசினால் தந்தி தந்திதான். சந்தோஷத்தில் திக்கும், கோபத்தில் இன்னும் அதிகம் திக்கும். ஆனால் பேசியே ஆக வேண்டும் என்ற இடத்தில் உள்ளே ஒரு ரோபோ தயாராக நின்றது. அந்த தைரியத்தில் அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள்.

ரோபோக்களுக்கும் அந்த வருஷங்களில் நல்ல காலம். இரும்புக்கோள் யுத்தத்தை வைத்துப் பொம்மை வந்தது, பனியன் வந்தது, டிவியில் கார்ட்டூனும் வந்தது. தெருவே பார்க்கிறது என்று அவளும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். துருவேந்தன் செய்தி வாசிப்பவர் மாதிரி மடமடவென்று பேசினான். பாதிப்பாதி ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை. அவளுக்கு யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கூட்டினார்கள். அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். டிவிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

இருபத்து மூன்று வயதில் ஒரு கட்டுமான கம்பெனியில் வேலை கிடைத்தது. பதினான்கு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடம். வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தலைக்கவசமும் இடுப்பு பெல்ட்டும் கொடுத்து வாங்கி வைக்க வேண்டும். பேச்சுக்கே தேவையில்லாத வேலை, அதனால்தான் அம்மா யார் யாரையோ பிடித்து வாங்கித் தந்தாள். வாக்கிடாக்கிகளுக்கு சார்ஜ் ஏற்றி, காலையில் ஒவ்வொன்றாக அமுக்கிச் சோதிப்பதும் அவள் பொறுப்பு. ஏதாவது பேசித்தானே சோதிக்க வேண்டும். கொட்டகையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஒன்-று. இரண்-டு. மூன்-று. கேட்-கிற-தா" என்று சொல்லிவிட்டு வைப்பாள். பதிலை எதிர்பார்த்து அவள் நின்றதில்லை.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு டவர் கிரேன். மொத்தக் கட்டடத்தையும் தாண்டி உயர்ந்து, உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவரை எல்லோரும் கிரேன் அண்ணன் என்பார்கள். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சரக்கைத் தூக்குவதும் இறக்குவதும் பெரும்பாலும் அவர் கண்ணுக்குத் தெரியாத இடங்களில். கீழே நிற்கிற சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் சொல்வதை நம்பித்தான் கையை அசைப்பார். சிக்னல்காரருக்கு ஒருநாள் கால் சுளுக்கிக்கொண்டது. மேஸ்திரி தனக்குத் தெரிந்த ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். வலது என்று சொல்லி இடது பக்கம் கை காட்டினார்கள். நடுவில் வசவு வேறு. மேலே இருந்தவர் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் நான் இறங்கிவிடுவேன் என்றார்.

பிறகு அவரே சொன்னார். "காலையில செட்டைச் சோதிச்சுப் பாக்குமே ஒரு பொண்ணு. அதைக் கூப்பிடுங்க."

மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதுக்குப் பேச்சே வராதேப்பா."

"எங்கிட்ட ஆறு மாசமா பேசிக்கிட்டுத்தானே இருக்கு."

மேஸ்திரி வந்து விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் கேட்கவில்லை என்று நினைத்துச் சொன்னதையெல்லாம் ஒரு மனிதர் தினமும் உச்சியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மாட்டேன் என்று சொல்வதற்கே அரை நிமிஷம் ஆகும் போலிருந்தது. அதற்குள் மேஸ்திரி செட்டைக் கையில் திணித்துவிட்டார். அவள் சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, வாயருகே வைத்து அமுக்கினாள்.

"தூக்-குங்-க. மெது-வா. வல-து-இரண்-டு-அடி. நிறுத்-துங்-க."

தொட்டி எழுந்தது, வலது பக்கம் இரண்டடி நகர்ந்தது, நின்றது. அத்தனை பெரிய இரும்பு அவள் சொன்னபடி கேட்டது. சுளுக்கு சரியாகி சிக்னல்காரர் திரும்பி வந்தபோது அவரை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். காற்று அடித்தாலும், கான்கிரீட் கலக்கும் இயந்திரம் அலறினாலும், அவள் சொல்வது மட்டும் எழுத்து எழுத்தாகக் காதில் விழுகிறது என்றார் கிரேன் அண்ணன். மற்றவர்கள் குரல் சோறு மாதிரி குழைந்து வருகிறது, இந்தப் பெண் குரல் செங்கல் மாதிரி ஒவ்வொன்றாக வருகிறது என்பது அவர் சொன்ன ஒப்புமை.

அவள் சிக்னல் வேலைக்கு வந்த நான்காம் மாதம் ஒரு சம்பவம் நடந்தது. மழைக்கு முன்னால் வருமே ஒரு முரட்டுக் காற்று, அது எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது. அந்த நேரம் ஒரு கட்டு கம்பி ஒன்பதாம் மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் சுழன்ற வேகத்தில் கட்டின் ஒரு பக்கத்துச் சங்கிலி நழுவி, கம்பிகள் சாய்ந்து, ஒரு முனை கீழே பார்த்துவிட்டது. அதற்கு நேர் கீழே சாரத்தில் இரண்டு பூச்சு வேலைக்காரர்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள்; இரைச்சலில் யார் கத்துவதும் அவர்களுக்குக் கேட்கவில்லை. செட் வைத்திருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். இறக்கு என்கிறார் ஒருவர், ஏற்று என்கிறார் இன்னொருவர், மேஸ்திரி கடவுளைக் கூப்பிடுகிறார். கூண்டிலிருந்து பார்த்தால் சாரம் தெரியாது.

"எல்-லா-ரும்-பேச்-சை-நிறுத்-துங்-க" என்றாள் தந்தி.

நின்றது. அப்படி ஒரு அமைதியை அந்த வாக்கிடாக்கிகள் அதுவரை கேட்டதில்லை.

அவள் கம்பி முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாய் தாளம் தப்பவில்லை. இடது, மெதுவாக, இன்னும் மெதுவாக. காற்று குறைகிறவரை அப்படியே பிடியுங்கள். இப்போது இடது மூன்றடி. சாரத்தைத் தாண்டிவிட்டது. கீழே மணல் குவியல் இருக்கிறது, இறக்குங்கள். கடைசி இரண்டு ஆள் உயரத்தில் கம்பிகள் சங்கிலியிலிருந்து முழுக்க உருவிக்கொண்டு மணலில் போய்க் குத்திட்டு நின்றன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சாரத்திலிருந்த இருவரும் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

"இறங்-கிடுச்-சு" என்று சொல்லிவிட்டு செட்டை அணைத்தவளுக்கு அன்றைக்கு முழுக்க அதற்குமேல் ஒரு சொல்கூட வரவில்லை. மணல் மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கிரேன் அண்ணன் வேலை நேரத்தில் முதல் தடவையாக இறங்கி வந்தார். அத்தனை ஏணியையும் இறங்கி மூச்சு வாங்க அவள் முன்னால் நின்றவர், தன் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீயை ஊற்றி நீட்டினார். பூச்சு வேலைக்காரர்கள் இருவரும் வந்து சற்று தள்ளி நின்றார்கள். அதில் மூத்தவர், தலைமுடி நரைத்தவர், "நல்லா இருக்கணும்மா நீ" என்றார். பேச்சு வராததால் அவள் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் மனசில் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அவர்கள் அவளுக்கு நன்றி சொன்னார்கள். அவள் யாருக்குச் சொல்வது? அந்த ரோபோக்கள் இல்லாவிட்டால் தனக்கு அந்த வாய் ஏது? எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்து கதை எழுதினவர்களுக்குச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் நகரத்தின் பெரிய புத்தகக் கடைக்குப் போய், மூல மொழியில் வந்த இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். முகவரி தேடப் போனவள் பலூன்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள். ஒரு கோடு கூட இல்லை. உலைவீரன், துருவேந்தன், பாதிப்பாதி, எல்லோரும் மனிதர்கள் மாதிரி முழு வாக்கியம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிவிக்காரர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அப்படியானால் கோடு போட்டது இங்கே இருக்கிற யாரோ.

வீட்டில் பழைய இதழ்களை எடுத்து முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தைத் தேடினாள். 'வசனமும் எழுத்தும்' என்று போட்டு ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அத்தனை இதழிலும் அதே பெயர். பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரி.

அடுத்த விடுமுறை நாளில் போனாள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. உள்ளே அச்சான புத்தகங்கள் சுவர் மறைத்து அடுக்கியிருக்க, கம்ப்யூட்டர் முன்னால் அறுபது தாண்டிய ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் ஒரு பலூனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசனக்காரம்மா தலையைத் திருப்பி, "யாரும்மா? யாரைப் பாக்கணும்?" என்றார்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் தாளத்தோடு ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ரோபோ காலை வாரிவிட்டது. வந்தது சொந்தப் பேச்சு, 'ந' என்ற எழுத்தில் மாட்டி, அங்கேயே நின்று, திரும்பத் திரும்ப முட்டியது. வசனக்காரம்மா குறுக்கே வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி, நாற்காலியைத் திருப்பி, முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். முழுக்கதையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணன், அப்பாவின் போன், கிரேன், கம்பிக் கட்டு எல்லாம் வந்தது. கடைசியில் அந்த ஒரு வார்த்தை. "ந... நன்றிம்மா. கோ... கோடு போட்டதுக்கு."

வசனக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "அந்தக் கோடு நான் சொன்ன ஒரு பொய்ம்மா" என்றார்.

அவர் சொன்னது இது. முதல் இதழ் வந்தபோது அவர் வேலைக்குப் புதுசு. பலூன்களெல்லாம் குறுகல், நம் வார்த்தைகளோ ரயில் வண்டி நீளம். வேறு வழியில்லாமல் எட்டு இடத்தில் வார்த்தையை ஒடித்துக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோனார். முதலாளி பார்த்துவிட்டு, ஒழுங்காக எழுதத் தெரியாதா என்று சத்தம் போட்டார். வேலை போய்விடுமே என்ற பதற்றத்தில், ரோபோ என்றால் விட்டு விட்டுத்தான் பேசும் சார் என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். அப்படியானால் மற்ற பலூன்களில் ஏன் கோடு இல்லை என்று கேட்டார் முதலாளி. அன்றைக்கு வீட்டுக்கு எடுத்துப்போய் எல்லாப் பலூனிலும் கோடு போட்டதுதான். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இருபத்தைந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஆனா எங்க ஒடிக்கிறதுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டதில்ல" என்றார். "ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லிப் பாப்பேன். நாக்கு இடறினா மாத்துவேன். அந்தப் பாவத்துக்கு அது ஒண்ணுதான் நான் செஞ்ச பரிகாரம்."

எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்தார். அத்தனையும் கடிதம். இந்தக் கோட்டால் பிள்ளைகளின் மொழி கெடுகிறது என்று ஆசிரியர்கள் எழுதியது, கண் வலிக்கிறது என்று பெற்றோர்கள் எழுதியது, அச்சுப் பிழையா என்று ஒரு வாசகர் பதினோரு தடவை எழுதியது. ஒன்றையும் தூக்கி எறியவில்லை. கோடு நன்றாக இருக்கிறது என்று ஒரு கடிதம்கூட அதில் இல்லை. தந்தி சிரித்துவிட்டாள். செய்யுள் ஒப்பித்து வெளியே நின்ற கதையையும் சொன்னாள். வசனக்காரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்போ சொன்னியே, இதை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடுப்பியாம்மா? இதுல எல்லாத்துக்கும் மேல வைக்கணும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். எழுத்தில் அவளுக்கு என்றைக்கும் திக்கல் கிடையாது. நாலு பக்கம் வந்தது.

கிளம்பும்போது வசனக்காரம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பழைய இதழ்களையெல்லாம் சேர்த்துத் தடித் தொகுதிகளாக மறுபடி போடுகிறார்களாம். எழுத்து இப்போது கம்ப்யூட்டரில்தான், ஆனால் அவருடைய கையெழுத்தையே எழுத்துருவாகச் செய்துவிட்டார்கள். கோடு மட்டும் இன்னும் அவர்தான் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். தன் நாக்கை நம்பி இதுவரை வைத்தாயிற்று, அது திக்காத நாக்கு, அதற்கு என்ன தெரியும். மாதம் ஒருநாள் வந்து வாசித்துப் பார்க்க முடியுமா?

அன்றிலிருந்து மாதத்தின் முதல் விடுமுறை நாள் அவள் அந்த மாடிக்குப் போகிறாள். வசனக்காரம்மா பென்சிலோடு எதிரே உட்காருவார். இவள் உலைவீரனாகவும் துருவேந்தனாகவும் மாறி மாறி உத்தரவு போடுவாள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒரு கோடு சேரும். எங்கே கோடு அதிகமோ அங்கே ஒன்று அழியும். சில வரிகளில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. அப்படி ஒருநாள் துருவேந்தன் கோட்டைக்குள் நுழையும் காட்சியில் ஒரே ஒரு வார்த்தைக்காக அரை மணி நேரம் வாதாடினார்கள். "கோட்-டை-நம-தே" என்பது இவள் கட்சி. "கோட்-டை-நம்-முடை-யதே" என்றால்தான் ராஜகம்பீரம் என்று அவர். இவள் வாதாடியது சொந்தப் பேச்சில், திக்கித் திக்கி, விட்டுக்கொடுக்காமல். கீழே இருந்து கண்ணாடிக் கடைக்காரர், மேலே ஏதும் சண்டையா என்று படியில் நின்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் வசனக்காரம்மா தன் வரியை அழித்துவிட்டு, இவள் சொன்னதை எழுதினார்.